பத்தடி தூரம்

நான் பேரம் பேசுவதில்லை. பத்துப் பதினைந்து வருஷங்களாக இதை ஒரு கொள்கை மாதிரி சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். கொள்கை என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கூச்சமா, சோம்பலா, பயமா என்று பிரித்துப் பார்க்கும் வேலை மிச்சம். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவன் நல்லவன் என்ற அபிப்ராயம் படித்தவர்கள் மத்தியில் உண்டு. கண்ணாடிக் கதவு போட்ட கடையில் வாய் திறக்காமல் பணம் கட்டுகிறவர்கள் தரையில் உட்கார்ந்து கீரை விற்கிறவளிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடுகிறார்கள் என்ற கண்டனத்தை எத்தனையோ பேர் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. நானும் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை என்று தெரிந்துகொள்ள நான் கூத்தாநல்லூருக்கு மாற்றலாகி வர வேண்டியிருந்தது.

என் அம்மா பேரம் பேசுவாள். நான் சிறுவனாக இருந்தபோது மன்னார்குடிக் கடைத்தெருவில் ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்க முழுப் பிற்பகலைச் செலவழித்திருக்கிறாள். தூக்கைக் கையில் எடுப்பாள், மூடியைத் திறந்து மூடுவாள், விளிம்பில் விரலை ஓட்டுவாள், ஒரு குறை சொல்லிக் கீழே வைப்பாள். கடைக்காரர் இறங்கிவந்து ஒரு விலை சொல்வார். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. நான் இரண்டு கடை தள்ளிப் போய் சினிமா போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கப் போனபோது இந்தக் கூச்சத்துக்கு ஒரு மேல்பூச்சும் கிடைத்தது. விலையைப் பற்றிப் பேசுவதே கீழான காரியம், மனிதர்கள் பேசிக்கொள்ள வேறு விஷயங்கள் இருக்கின்றன என்று நம்ப ஆரம்பித்தேன். அதற்குள் எனக்குச் சம்பளம் வர ஆரம்பித்துவிட்டது என்பதை இந்தச் சிந்தனையோடு நான் சம்பந்தப்படுத்திப் பார்க்கவில்லை.

கூத்தாநல்லூர் மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் இடையில் இருக்கிறது. சுற்றிலும் நெல் வயல். ஊருக்குள் இருக்கும் பெரிய வீடுகள் நெல்லால் எழுந்தவை அல்ல. பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று தொடங்கிப் பிறகு வளைகுடா நாடுகள் என்று கடல் கடந்து போனவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்தவை. சின்ன சிங்கப்பூர் என்று ஊருக்குப் பட்டப்பெயர். வெளிநாட்டில் இருந்து சம்பாதிப்பவரை இங்கே சபராளி என்கிறார்கள். சபர் என்றால் பயணம், அரபிச் சொல். அப்படி ஒரு சபராளியின் வீட்டு மாடியில்தான் நானும் அம்மாவும் குடியிருக்கிறோம். அப்பா போய் ஆறு வருஷமாகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கடைத்தெருவில் விரால் வாங்கினேன். மீன்காரம்மா கிலோ அறுநூற்றைம்பது என்றாள். சரி என்றேன். அவள் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். இதற்கு முன்பும் இப்படிப் பார்க்கப்பட்டிருக்கிறேன். அது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எல்லா மீன்கூடைக்குப் பக்கத்திலும் இருப்பது போல அவளிடமும் ஒரு அட்டையும் சின்னப் பேசும் பெட்டியும் இருந்தன. அட்டையைக் கைபேசியால் படம் பிடித்துப் பணம் அனுப்பினேன். அறுநூற்றைம்பது ரூபாய் வந்து சேர்ந்ததாக அந்தப் பெட்டி நல்ல தமிழில், ஒரு பெண் குரலில், தெரு கேட்க அறிவித்தது. எனக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

மறுவாரம் அம்மா வெறும் பையோடு திரும்பினாள். கிலோ ஐநூற்று நாற்பதுக்கு வாங்கிக்கொண்டிருந்த மீன் அது. அதற்குக் கீழே அவள் கேட்டதில்லை, அதற்கு மேலே கொடுத்ததில்லை. "ஒங்க மவனே அறநூத்தம்பது குடுத்துட்டுப் போனாரேக்கா, நீங்க என்னா இப்புடிக் கேக்குறீங்க" என்று மீன்காரம்மா கேட்டிருக்கிறாள். அம்மா என்னைத் திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, "வாங்கத் தெரியாட்டி என்கிட்ட சொல்லு, நான் போறேன்" என்று மட்டும் சொன்னாள்.

கீழ்வீட்டு லாத்தா இதைக் கேட்டுச் சிரித்தார். அவர் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். "எங்க வூட்ல லீவுக்கு வந்தா நான் கடத்தெருப் பக்கமே விட மாட்டேன் தம்பி. கேட்டதக் குடுத்துட்டு வந்துடுவாங்க. ரெண்டு மாசத்துல பிளேன் ஏறிப் போயிடுவாங்க. அந்த வெல இங்கயே நிக்கும்."

விலையைப் பற்றி நான் படித்த எதிலும் இதைவிடச் சுருக்கமான வாக்கியம் இல்லை. இதன் அர்த்தம் எனக்கு முழுதாக உறைக்க இன்னும் சில நாட்கள் ஆயின. எங்கள் கிளையில் தினக்கூலிக்குப் பெருக்க வருகிற அம்மா ஒரு நாள் என் மேஜைக்கு அடியில் குனிந்து பெருக்கிக்கொண்டே, "நீங்க மீன் வாங்குற எடத்துல நான் இப்ப வாங்குறதில்ல சார்" என்றாள். புகார் மாதிரி இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். என்னுடைய நல்ல குணம் யார் கணக்கில் செலவாகிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் கொடுத்த அதிகப் பணம் மீன்காரம்மாவுக்கு ஒரு நாள் போனது. எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அது விலையாகிவிட்டது.

அதன் பிறகு இந்த விஷயத்தைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். படிக்காமல் எதையும் உணர முடியாத ஜாதி நாம்.

ஒரே விலை என்பது ஒழுக்கத்தின் பெயரால் உலகத்துக்கு வந்தது என்று ஒரு கதை உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் எனப்பட்ட கிறிஸ்துவப் பிரிவினர் தங்கள் கடைகளில் ஒரு விலைதான் சொன்னார்கள். வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும் தொகையைவிட அதிகம் கேட்பது பொய் என்பது அவர்கள் வாதம். நம்மிடமும் பட்டினப்பாலை இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் வாங்கும்போது மிகுதியாக எடுத்துக்கொள்வதில்லை, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பதில்லை என்று அது புகழ்கிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையோடு சொல்லிக் கொடுத்தார்கள். வாங்க வந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அந்தப் பாட்டில் யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஒரே விலை உலகத்தை ஜெயித்தது ஒழுக்கத்தால் அல்ல, கடை பெரிதானதால். பாரிஸில் அரிஸ்டிட் பூசிகோ என்பவர் 1852இல் பங்குதாரராகச் சேர்ந்து பிரம்மாண்டமாக வளர்த்த போன் மார்ஷே கடையில் விலையை எழுதி ஒட்டினார்கள். ஸோலா 1883இல் வெளியிட்ட நாவல் ஒன்று இப்படிப்பட்ட ஒரு கடையையும், அது விழுங்கிய பக்கத்துச் சின்னக் கடைகளையும் பற்றியது. சின்னக் கடையில் முதலாளியே விற்கிறார். சரக்கின் அடக்கவிலை அவருக்குத் தெரியும், எதிரில் நிற்கிறவரையும் தெரியும், அதனால் பேரம் பேசலாம். நூற்றுக்கணக்கான சிப்பந்திகள் விற்கிற கடையில் ஒவ்வொருவனையும் விலையைத் தீர்மானிக்க விட முடியுமா? விட்டால் கடை என்னாவது? சீட்டை எழுதி ஒட்டிவிட்டால் சிப்பந்திக்கு யோசிக்கிற பொறுப்பு இல்லை, வாங்குகிறவருக்குக் கேட்கிற உரிமை இல்லை. ஆக நிலையான விலை என்பது குமாஸ்தாவுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. நான் குமாஸ்தா. என் கொள்கை எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போய் என் நாற்காலியிலேயே வந்து முட்டிக்கொண்டேன்.

நம் ஊரில் இதற்குக் கறார் விலை என்று பெயர். கறார் என்பதும் அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்த சொல்தான். அங்கே அதற்கு உறுதி, உடன்பாடு என்றெல்லாம் பொருள். இரண்டு பேர் சேர்ந்து வந்தடைகிற உடன்பாட்டைக் குறித்த சொல், இங்கே ஒருவர் மட்டும் சொல்லி மற்றவர் வாயை மூடிக்கொள்வதற்குப் பெயராகிவிட்டது. 1990இல் செய்யப்பட்ட விதித் திருத்தத்துக்குப் பிறகு நம் நாட்டில் பொட்டலம் கட்டி விற்கும் பொருள்கள் மீது எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்படுகிறது. அதிகபட்சம் என்றால் அதற்கு மேல் வாங்கக் கூடாது, கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம் என்று அர்த்தம். வாங்குகிறவனைக் காப்பாற்ற வந்த சட்டம். ஆனால் அந்த எண்ணையே விலை என்று படிக்கப் பழகிவிட்டோம். அதிகபட்சம் என்ற வார்த்தையை இப்போது யார் படிக்கிறார்கள்?

கிளிஃபர்ட் கீர்ட்ஸ் என்ற மானுடவியலாளர் மொரோக்கோவின் செஃப்ரூ நகரத்துக் கடைவீதியைக் கவனித்து 1978இல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அந்தக் கடைவீதியில் எல்லாவற்றையும்விட அரிதான சரக்கு தகவல்தான் என்கிறார். எது நல்ல சரக்கு, இன்றைக்கு என்ன விலைக்குப் போகும் என்பது யாருக்கும் முழுதாகத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழிதான் பேரம். அதனால்தான் ஒருவர் ஒரே கடைக்காரரிடம் திரும்பத் திரும்பப் போகிறார், இருவருக்கும் நாளடைவில் ஒரு சம்பந்தம் ஏற்படுகிறது, அப்போதும் பேரம் நிற்பதில்லை என்கிறார். அம்மாவுக்குக் கீர்ட்ஸைத் தெரியாது. தூக்கின் விளிம்பில் விரல் ஓட்டியபோது அவள் செய்துகொண்டிருந்தது இதைத்தான். நான் சினிமா போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு படித்த பிறகும் ஒரு விஷயம் புத்தகத்தில் கிடைக்கவில்லை. அது அப்பாவிடம் இருந்தது.

1996 வாக்கில், எனக்கு எட்டு வயசிருக்கும், உழவு மாடு வாங்க அப்பா என்னை மணப்பாறைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே விலையை யாரும் வாயால் சொல்லவில்லை. தரகர் தன் தோள் துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டுக்கொண்டார். அப்பாவின் கை துண்டுக்கு அடியில் போனது. உள்ளே விரலைப் பிடித்துப் பேசிக்கொண்டார்கள். எத்தனை விரல் பிடிக்கிறாரோ அத்தனை. நூறா ஆயிரமா என்பது பேசுகிறவர்களுக்குத் தெரியும். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முகத்திலும் எதுவும் தெரியக் கூடாது. நான் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இரண்டு முறை அசைந்தது. பிறகு அப்பா கையை உருவிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் ஓடினேன். மாடு வேண்டாமாப்பா என்று கேட்டேன். "பேசாம வா, திரும்பிப் பாக்காத" என்றார். பத்தடி போயிருப்போம். தரகர் பின்னாலிருந்து கூப்பிட்டார். மாடு வாங்கினோம். என்ன விலை என்று அப்பா கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பத்தடியில் அவர் நடந்த நடையை வேறு எந்த இடத்திலும் நான் பார்த்ததில்லை.

முக்கியமாக, நெல் போடுகிற இடத்தில் பார்த்ததில்லை. மூன்று ஏக்கர் நெல்லை அறுத்து, ரோட்டோரம் கொட்டிக் காயவைத்து, கொள்முதல் நிலையத்தில் முறை வருவதற்குக் காத்திருப்பார். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இல் ஏற்பட்டது. அதன் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள்தான் டெல்டாவின் பெரிய வாங்கும் கை. விலை டெல்லியில் முடிவாகும். 2025-26 பருவத்துக்குச் சாதாரண நெல் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், அதோடு மாநில அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாய், ஆக 2,500. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. இந்த விலை இல்லாவிட்டால் வியாபாரி இதைவிடக் கீழேதான் கேட்பான். அதனால் இதை நான் குறை சொல்லவில்லை. இது பாதுகாப்பு. ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வரும்போது தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதனால் பத்தடி நடக்க முடியாது என்பதும் உண்மை. அவன் எங்கே நடப்பான்? நெல்லைச் சுமந்துகொண்டா?

ஒரு தடவை அம்மாவிடம் கேட்டேன், நாமும் விளைவித்து விற்றவர்கள்தானே, அடுத்தவர் பொருளுக்கு ஏன் இப்படி வாதாடுகிறாய் என்று. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "வெல சொல்ற எடத்துல நம்மள யாரு ஒக்கார வச்சா? வாங்குற எடத்துலயாவது வாயத் தொறக்க வேண்டாமா?" என்றாள். விற்கும்போது விலை சொல்ல முடியாதவர்கள் வாங்கும்போது விலை கேட்கிறார்கள். டெல்டாவில் பேரம் இவ்வளவு உரக்கக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த உரத்த குரல் அநேகமாக இன்னொரு ஏழையின் மேல்தான் போய் விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் பரவிய உழவர் சந்தையில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறார்கள். மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே. விளைவித்தவருக்கும் வாங்குகிறவருக்கும் நியாயமான ஏற்பாடு. ஆனாலும் பலகையைப் படித்துவிட்டு, "அப்பறம்? எவ்வளவுக்குத் தருவே?" என்று கேட்கிற கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் தெரிந்த பிறகு நானும் பேரம் பேசுவதென்று முடிவு செய்தேன். என்னால் ஏறிய விலையை நானே இறக்கிவிடலாம் என்ற எண்ணம். படித்தவனின் பிராயச்சித்தம் எப்போதும் இன்னொரு தவறாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

மீன்காரம்மா அன்றைக்கும் அறுநூற்றைம்பது என்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஐநூறுக்குத் தருவீங்களா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கட்டுப்படியாகாது என்று சொல்லவில்லை. போணி நேரத்துல என்ன சார் என்று அலுத்துக்கொள்ளவும் இல்லை. மீனை எடுத்துத் தட்டில் போட்டாள். "எடுத்துக்குங்க சார். நீங்க கேட்டு இல்லேங்க முடியுமா? லோனு திருப்ப அங்கதான வரணும்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மூன்று வாரம் முன்பு என் கவுண்டருக்கு எதிரில் நகைக்கடனுக்காக நின்றவள் இவள்தான். மீன்கூடை இல்லாமல், சலவைப் புடவையில் வந்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. ஒரு ஜோடித் தோடு, ஒரு மோதிரம். அப்ரைசர் உரசிப் பார்த்து எடை போட்டு எழுதியாகிவிட்டது. "இன்னும் ரெண்டாயிரம் சேத்துப் போட்டுக் குடுங்க சார்" என்று கேட்டாள். "கிராமுக்கு இவ்வளவுதாம்மா. கம்ப்யூட்டர் போடற கணக்கு. என் கையில ஒண்ணும் இல்ல" என்றேன். ஒரு நாளில் பத்துப் பேரிடம் சொல்கிற வாக்கியம். உண்மையான வாக்கியமும்கூட. கிராமுக்கு எவ்வளவு என்பது மேலிருந்து வருகிறது. மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் தரலாம் என்பதை ரிசர்வ் வங்கி சொல்கிறது. நீண்ட காலமாக 75 சதவீதமாக இருந்ததை, இரண்டரை லட்சத்துக்கு உட்பட்ட கடன்களுக்கு 85 சதவீதம் வரை போகலாம் என்று 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளில் உயர்த்தியிருக்கிறார்கள். இதில் எனக்கும் இடமில்லை, அவளுக்கும் இடமில்லை. "சரி சார்" என்றாள். மறுநாள் காலையில் மகளுக்குக் காலேஜில் பணம் கட்ட வேண்டும் என்று அப்ரைசரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்திருந்தது. தோட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாசல் வரை அவள் நடக்கவில்லை. நடந்திருந்தாலும் நாங்கள் கூப்பிட்டிருக்க மாட்டோம்.

மீனோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஒரு வேடிக்கை மாதிரி சொல்ல முயன்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "அது பேரமில்லடா. பறிக்கறது" என்றாள். மறுநாள் காலை கடைத்தெருவுக்குப் போய் மீன்காரம்மாவிடம் பணம் கொடுத்துவிட்டு வந்தாள். எவ்வளவு என்று கேட்டேன். நாற்பது ரூபாய் என்றாள். நான் நூற்றைம்பதை எதிர்பார்த்தேன். அம்மாவின் கணக்கில் அந்த மீன் ஐநூற்று நாற்பதுதான். நான் முதலில் கொடுத்ததும் தப்பு, பிறகு கேட்டதும் தப்பு. சரியான விலை ஒன்று இருக்கிறது, அது இரண்டு பேரும் பேசிப் பேசிக் கண்டுபிடித்தது.

இப்போது எனக்குப் பிடிபட்ட அளவில் விஷயம் இதுதான். பேரம் என்பது விலையைக் குறைப்பது அல்ல. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பத்தடி நடக்க இரண்டு பேராலும் முடிந்தால் அது பேரம். ஒருவரால் மட்டும் முடிந்தால், அவர் வாய் திறக்காமல் கொடுத்தாலும் தர்மம், குறைத்துக் கேட்டாலும் மிரட்டல். என் கொள்கைக்குக் கீழே இருந்தது கருணை என்று எண்ணியிருந்தேன். எதிரில் இருப்பவள் எனக்கு மறுப்புச் சொல்லக்கூடியவள் என்ற நினைப்பே எனக்கு இருந்ததில்லை என்பதுதான் நிஜம்.

பேரம் அழிந்துகொண்டு வருகிறது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். வங்கியில் வேலை பார்க்கிறவன் அப்படிச் சொல்ல மாட்டான். அது மாடிக்குப் போயிருக்கிறது. கடனைக் கட்டாதவர்களோடு வங்கிகள் செய்துகொள்ளும் சமரசத் தீர்வுக்கு ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8 அன்று ஒரு பொதுவான சட்டகம் வெளியிட்டது. வேண்டுமென்றே கட்டாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களோடும் சமரசம் செய்துகொள்ளலாம் என்று அதில் இருந்தது. கண்டனங்கள் எழுந்தன. 2016இல் வந்த திவால் சட்டத்தின் கீழ், கடன் கொடுத்தவர்கள் வரவேண்டிய தொகையில் ஒரு பெரிய பகுதியை விட்டுக்கொடுத்து மீதியை வாங்கிக்கொள்கிறார்கள். ஹேர்கட் என்று அதற்குப் பெயர். முடியை வெட்டினால் வலிக்காது அல்லவா? சிறு கடன்காரர்களுக்கும் சமரசத் திட்டங்கள் வருவதுண்டு. அவற்றில் சதவீதம் முன்கூட்டியே அச்சாகி வரும், கையெழுத்துப் போட வேண்டியதுதான். குளிரூட்டிய அறையில், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில், பெரிய கடன்காரர் பத்தடி நடக்கிறார். வங்கி பின்னாலிருந்து கூப்பிடுகிறது. மணப்பாறைத் துண்டு அங்கே இருக்கிறது. பேசும் பெட்டி இங்கே மீன்கூடைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நாம் முந்நூறு பேருக்குள்தான் இருப்போம் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடலாம். நான் புத்தக மதிப்புரை எழுதுகிறவன். நண்பர்களுடைய தொகுப்புகளுக்கு எழுதியவற்றைச் சமீபத்தில் திரும்பப் படித்தேன். அநேகமாக எல்லாவற்றிலும் ஆசிரியர் சொன்ன விலையை அப்படியே கொடுத்திருக்கிறேன். பின்னட்டையில் மகத்தானது என்று இருந்தால் நானும் மகத்தானது என்றிருக்கிறேன். அவ்வளவு எட்டாத ஒருவருடைய புத்தகமாக இருந்தால் பாதி விலைக்குக் கேட்டிருக்கிறேன், அவரால் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்து. கவிதையை மூன்று தடவை கையில் எடுத்து, விளிம்பில் விரலை ஓட்டி, குறையைச் சொல்லிக் கீழே வைத்து, மறுபடி எடுத்துப் பார்த்தது மிகவும் குறைவு. நண்பரை விட்டுப் பத்தடி நடக்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை. அவர் கூப்பிடாமல் போய்விட்டால்? நான் கொடுத்த விலை அங்கேயே நிற்கிறது. பின்னால் வருகிற இளம் வாசகன் அந்த விலையைக் கொடுத்துத்தான் அந்தப் புத்தகத்தை வாங்குகிறான். பிறகு கவிதையே தனக்குக் கட்டுப்படியாகாது என்று போய்விடுகிறான்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாதான் மீன் வாங்குகிறாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு கூட நிற்கிறேன். தள்ளிப் போய் நிற்பதில்லை. நோட்டாகத்தான் கொடுக்கிறாள். பெட்டி வாய் திறப்பதில்லை. போன வாரம் அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்தாள், ஐஸ் வச்ச மீன் என்றாள். நேத்து ராத்திரி பிடிச்சதுக்கா என்றாள் மீன்காரம்மா. இவள் ஏறினாள், அவள் இறங்கினாள். இருபது ரூபாயில் வந்து நின்றது. அம்மா புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு நடந்தாள். நான் பையோடு பின்னால் போனேன். பத்தடி. பிறகு இருபதடி. கூப்பிடவில்லை.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த கடையில் கத்தரிக்காய் வாங்கினாள். கொசுறாகக் கறிவேப்பிலை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"கூப்பிடலியேம்மா" என்றேன்.

"அவளுக்கு இன்னிக்கு நல்ல ஏவாரம் போல" என்றாள் அம்மா. குரலில் வருத்தம் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் சந்தோஷம் இருந்த மாதிரிகூட எனக்குத் தோன்றியது.